பூஜ்யம் வைத்தால் இறங்காது

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டுத்தான் பின்னால் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பஸ் நகர்ந்தாயிற்று. பின்படியில் ஒரு அம்மாள் ஒரு காலைப் படியிலும் மறுகாலைக் காந்திபுரத்துத் தரையிலுமாக வைத்துக்கொண்டு தத்தளிக்க, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று பாதி பஸ் கத்தியது. இன்னொரு விசில். பஸ் குலுங்கி நின்றது. "ஏறியாச்சா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டீங்களா?" என்று கண்டக்டர் அந்த அம்மாளையே அதட்டினார் பாருங்கள், என்ன நியாயமோ! ஜன்னலோரம் மடியில் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த நவநீதனுக்குச் சிரிப்பு வந்தது. ஊதிவிட்டுப் பார்க்கிற மனுஷன், பார்த்துவிட்டு ஊதினால் என்ன குறைந்துவிடும், கண்ணைத் திருப்ப எவ்வளவு நேரமாகும், அரை விநாடி, அந்த அரை விநாடியை மிச்சம் பிடித்து என்ன கோட்டை கட்டப்போகிறார் என்று நினைத்தவன், அரை விநாடி என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டான். சிரிப்பு வாயிலேயே இருந்தது, அதை எடுத்துப்போட மறந்துவிட்டான். அரை விநாடி. முந்தாநாள் பொங்கியண்ணன் கையைத் தட்டியது அந்த அரை விநாடிக்குத்தான். நானும் அதைத்தானே செய்திருக்கிறேன், அடப்பாவி, நானும் அதைத்தானே செய்திருக்கிறேன். பஸ் இந்தமுறை ஒழுங்காகக் கிளம்பி, கணபதிப் பக்கம் திரும்பியது.

பொங்கியண்ணனுக்கு அன்னூர் தாண்டி ஒரு ஷெட். பாக்குமட்டைத் தட்டு போடுகிற ஷெட். கல்யாணத்திலே கோயில் விருந்திலே சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப்போடுகிறோமே, அந்தத் தட்டுதான். ஊறவைத்துக் கழுவிய மட்டையைக் கீழ் அச்சின்மேல் வைத்துப் பெடலை மிதித்தால், கொதிக்கக் கொதிக்க மேல் அச்சு இறங்கி அமுக்கும், கொஞ்சம் நேரம் பிடித்துக்கொண்டிருக்கும், தூக்கும், தட்டு தயார். அந்த மெஷினுக்கு மூளை வைக்கிற பெட்டி செய்து கொடுப்பது நவநீதனின் பிழைப்பு. எத்தனை தட்டு வேண்டுமென்று எண்ணை வைத்துவிட்டுப் பெடலில் காலை வைத்தால் போதும். இறங்கும், தூக்கும், தட்டை எடுத்து அடுத்த மட்டையை வைக்கச் சற்று அவகாசம் கொடுக்கும், மறுபடி இறங்கும், கால் எடுக்கிறவரை அல்லது எண் தீர்கிறவரை. இதற்கு அவன் முதலில் எழுதிய புரோகிராம் பார்த்துவிட்டுச் செய்கிற ஜாதி. எண் பாக்கி இருக்கிறதா, சூடு சரியா, கால் இருக்கிறதா, எல்லாம் பார்த்து, இருந்தால்தான் அச்சை இறக்கும். பார்ப்பதற்குச் சற்றே நேரம் பிடித்தது. "மிதிச்சதும் சட்டுன்னு எறங்கமாட்டேங்குதுங் தம்பி, யோசிச்சு யோசிச்சு எறங்குது" என்றார் பொங்கியண்ணன். யோசிக்கிறதாம்! நவநீதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அங்கேயே மட்டைமூட்டையின்மேல் உட்கார்ந்து, புரோகிராமில் மேலே இருந்த, பார்க்கச் சொல்கிற வரியை வெட்டிக் கீழே ஒட்டினான். முதலில் இறக்கு, பிறகு தூக்கு, கடைசியில் பார்த்துக்கொள்; பாக்கி இருந்தால் திரும்பி வா, இல்லாவிட்டால் நில். அவ்வளவுதான் வேலை. மிதித்ததும் மெஷின் டபக்கென்று இறங்கியது. பொங்கியண்ணன் கையைத் தட்டினார், மெஷினை ஓட்டுகிற மயிலாத்தாக்காவும் தட்டினாள். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பத் திரும்ப ஓடுகிற புரோகிராமுக்குச் சுற்று என்று பெயர்; கடைசியில் பார்க்கிற சுற்று எதுவாக இருந்தாலும், பார்ப்பதற்கு முன்னால் ஒருமுறை செய்துமுடித்துவிடும். இது காலேஜில் முதல் வருஷப் பாடம். எண் இருந்தாலும் ஒருமுறை, இல்லாவிட்டாலும் ஒருமுறை. பூஜ்யம் வைத்திருந்தாலும் ஒருமுறை. இதையே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் இவன். ஜன்னல் கம்பி கையைச் சுட்டது, அவன் கையை எடுக்கவில்லை.

பூஜ்யத்தில் ஒருமுறை இறங்கினால் என்ன, ஒரு மட்டை கூடப் போகும், அவ்வளவுதானே, என்று மனசு ஒரு சால்ஜாப்பு சொல்லிப் பார்த்தது. மனசுக்கு என்ன, சொல்லும். மயிலாத்தாக்கா பூஜ்யத்தை எதற்கு வைக்கிறாள் என்று அதற்குத் தெரியாதா? தட்டு சிலசமயம் கீழ் அச்சில் ஒட்டிக்கொள்ளும். அப்போது கையை உள்ளே விட்டு விளிம்பைப் பிடித்து உரிக்கவேண்டும். அதற்கு மெஷினை நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது, பெரிசாக, உள்ளங்கை அகலத்துக்கு. ஆனால் அதை அழுத்தினால் ஹீட்டரும் சேர்ந்து நின்றுபோகும், அச்சு ஆறிவிடும், மறுபடி சூடேற நேரமாகும். அதனால் அந்த ஷெட்டில் சிவப்புப் பொத்தானை யாரும் தொடுவதே கிடையாது. அதன்மேல் திருநீறு பூசிப் பொட்டு வைத்திருக்கிறார்கள், அதற்கு அவ்வளவுதான் மரியாதை. எண்ணைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டால் பெடலை மிதித்தாலும் அச்சு இறங்காது, சூடும் ஆறாது. இதை அவர்களே கண்டுபிடித்து வழக்கமாக்கிக்கொண்டார்கள். முதல் நாள் அவள் பூஜ்யத்தை வைத்துவிட்டுக் கையை விட்டபோது நவநீதன் பதறி, "அக்கா, கால் பெடல்மேல இருக்குதுங்க" என்றான். "இருக்கட்டுமே. எட்டி உரிக்கோணும்னா எதுலயாச்சும் ஊணித்தானே நிக்கோணும்? பூஜ்யம் வெச்சா எறங்காதுங் தம்பி, உங்க மெஷினை எங்களுக்குத் தெரியாதா?" என்று பெடலை இரண்டு தடவை நன்றாக மிதித்தே காட்டினாள். இறங்கவில்லை. அன்றைக்கு அது பார்த்துவிட்டுச் செய்கிற மெஷின். முந்தாநாள் இவன் மாற்றியபிறகு இரண்டு நாளாகிறது. மாற்றியதை அவளிடம் சொன்னானா? வேகமாக இறங்கும் என்று சொன்னான். பூஜ்யத்திலும் இறங்கும் என்று சொல்லவில்லை. அவனுக்கே தெரியாததை எப்படிச் சொல்வான். இல்லை, தெரியும். நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

போனை எடுத்தான். மயிலாத்தாக்காவின் நம்பர் இருக்கிறது, ஆனால் வேலை நேரத்தில் போனெல்லாம் ஷெட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கும்; ஈரமும் சூடும் பட்டு யாருடையதோ கெட்டுப்போனதிலிருந்து அப்படி. அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. டப்பாவுக்குள் அது வெளிச்சம் போட்டுக்கொண்டு ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது. மறுபடி அடித்தான். எடுக்கிறாளா, இல்லை, அடி, எடுக்கிறாளா, இல்லை. இதுவும் கடைசியில் பார்க்கிற சுற்றுத்தான், இதில் மட்டும் தப்பில்லை, அடிக்காமல் எடுக்கிறாளா என்று எப்படித் தெரியும், என்று புத்தி அந்த நேரத்திலும் வாத்தியார் வேலை பார்த்தது, அவனுக்கு அதன்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. பொங்கியண்ணனுக்கு அடித்தான். சாமிப்பாட்டு பாதி ஓடியபிறகு எடுத்தார். "ஏனுங் தம்பி, கெளம்பீட்டீங்ளா? நான் மேட்டுப்பாளையம் வந்துட்டனுங்க, மட்டை லோடு பாக்கோணும். மெஷினு ஜோரா ஓடுதுங்க, எல்லாருகிட்டயும் உங்க பேரைத்தான் சொல்லிட்டிருக்கேன்." உங்க பேரைத்தான். அந்த வார்த்தை வந்து வாயை அடைத்துக்கொண்டது. அண்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சு என்று சொல்லவேண்டும். சொன்னால், அவருடைய இரண்டாவது மெஷினுக்கென்று கொண்டுபோகிற இந்தப் பெட்டி மடியிலேயே வீட்டுக்குத் திரும்பும், அந்தப் பக்கத்தில் இருக்கிற ஷெட்டுக்காரர்கள் காதுக்கெல்லாம் போகும். நவநீதன் என்ன சொன்னான் தெரியுமா? "ஒண்ணுமில்லீங்கண்ணா, சும்மாதான். நான் வர்ற வரைக்கும் மெஷினைக் கொஞ்சம் நிறுத்தி வெச்சா நல்லாருக்கும், ஒரு சின்ன வேலை பாக்கி." சின்ன வேலையாம். "நிறுத்தறதாவது, மட்டை தீந்துபோச்சுன்னு மூலைல கெடந்த பழசை ஓட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன், நீங்க வாங்க, வந்து பாத்துக்கலாம்" என்றவர், யாரையோ லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தியபடியே வைத்துவிட்டார். வைத்தபிறகுதான் நவநீதனுக்கு உறைத்தது. புது மட்டை ஒட்டாது. பழசுதான் ஒட்டும்.

சரவணம்பட்டியில் பஸ் நின்றது. நின்றது என்றால் சும்மா நிற்கவில்லை, முன்னால் லாரி, பக்கத்தில் காலேஜ் பஸ், நடுவில் பைக்குகள், எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. நேற்று முழுக்க ஒட்டியிருக்காது, அதனால்தான் ஜோரா ஓடுது, இன்றைக்கு ஒட்டும். ஒட்டினால் பூஜ்யம் வைப்பாள், குனிவாள், கால் ஊன்றுவாள். ஒருவேளை இன்றைக்குக் காலை வேறெங்காவது ஊன்றலாமில்லையா. மாட்டாள். அவள் கை நவநீதனுக்கு நன்றாகத் தெரியும். முதல் நாள் மெஷின் ஓடியதும், முதலில் வந்த தட்டை ஊதி ஊதித் துடைத்து, தன் தூக்குவாளியிலிருந்து தயிர்சோற்றைப் போட்டு இவனிடம்தான் நீட்டினாள், "மெஷினுக்கு அப்பன் நீங்கதானே, மொதல்ல நீங்க சாப்புடுங்க" என்று. விரல்நுனியெல்லாம் சூட்டில் வழுவழுத்துப்போன கை. "இந்தக் கைக்குச் சூடெல்லாம் ஒறைக்காதுங் தம்பி" என்றாள். சூடு உறைக்காது, சரி, அமுக்குகிற இரும்பு? மேல் அச்சு பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தான், உடனே நினைக்காதே என்று தலையை உதறினான், உதறினதில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது: ஒட்டும், பூஜ்யம் வைப்பாள், குனிவாள், கால். அதிலும் இன்னொன்று. ஒருமுறை இறங்கிவிட்டு நிற்குமா? அச்சு இறங்கியதும் எண்ணில் ஒன்று குறையும்; பூஜ்யத்தில் ஒன்று குறைந்தால் பூஜ்யத்துக்குக் கீழே. எண் பூஜ்யமானால் நில் என்று எழுதினேனா, பூஜ்யமோ அதற்குக் கீழோ ஆனால் நில் என்று எழுதினேனா? முதலாவது என்றால் அது நிற்கவே நிற்காது, பூஜ்யத்தைத் தாண்டிவிட்டது, கால் எடுக்கிறவரை இறங்கிக்கொண்டே இருக்கும். கை மாட்டிக்கொண்டவள் காலை எடுப்பாளா? அவனுக்கு எழுதிய வரி ஞாபகம் வரவில்லை. மூட்டையின் சாக்கு நாற்றம் ஞாபகம் வருகிறது, பொங்கியண்ணன் கை தட்டிய சத்தம் ஞாபகம் வருகிறது, அந்த ஒரு வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது. உங்களுக்கு எப்பவுமே இப்படித்தான் என்று யமுனா சொல்லுவாள், அவன் பெண்சாதி. போன வாரம் அவள் யாரோடோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, யாருடன் என்று கேட்பதற்கு முன்னால் "என்னைப் பத்திச் சிரிக்க ஆளு கெடைச்சுதா" என்று எரிந்து விழுந்தான். மறுமுனையில் இவன் அம்மா. "மொதல்ல கொட்டிடறது, அப்புறம் பாக்கறது. உங்களைக் கட்டிக்கிட்டது இதுக்குத்தான்" என்று அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். விஷயம் தோசையோடு போயிற்று. இது தோசையோடு போகாதே, யமுனா.

லாரி நகர்ந்தது. பஸ் கோவில்பாளையம் தாண்டுகிறவரை டப்பாவுக்குள் கிடக்கிற போனுக்கே அடித்துக்கொண்டிருந்தான். மின்சார வாரியத்துக்கு அடித்து அந்த ஊருக்கே கரண்டை நிறுத்தச் சொன்னால் என்ன என்று தோன்றியது. சொன்னால் எந்தப் புண்ணியவான் கேட்பான். கரண்ட் போனால் நல்லது. பெட்டியை மெஷினில் மாட்டிய அன்றைக்குக்கூட நடுவில் கரண்ட் போனது, மேல் அச்சு நின்ற இடத்திலேயே நின்றது, "பரவால்லீங், தலைல விழுகல" என்று மயிலாத்தாக்கா சிரித்தாள். போ, கரண்டே, இன்றைக்கும் போ. போகிற நாளெல்லாம் திட்டினேன், இன்றைக்கு ஒருநாள் போய்த்தொலை. பிறகு, இதெல்லாம் என்ன கூத்து, சொல்லவேண்டிய வார்த்தையை விழுங்கிவிட்டுக் கரண்டைக் கும்பிட்டுக்கொண்டு, என்று தன்மேலேயே காறித்துப்பவேண்டும்போல வந்தது. பொங்கியண்ணனுக்கு மறுபடி அடித்தான். சாமிப்பாட்டு முழுக்க ஓடியது. எடுத்தார். இந்தமுறை அவர் "ஏனுங்" என்பதற்குள் இவன் கொட்டிவிட்டான், "அண்ணா, நான் தப்புப் பண்ணீட்டனுங்க, பூஜ்யம் வெச்சாலும் மெஷின் எறங்கும், மயிலாத்தாக்கா உள்ள கையை விட்டாக் கை போயிருமுங்க, யாரையாச்சும் புடிச்சு நிறுத்துங்க" என்று. பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "சின்ன வேலைன்னீங்களே" என்றார் பொங்கியண்ணன். "வைங்க, நான் யாரையாச்சும் கூப்புடறேன்." கொஞ்ச நேரத்தில் அவரே அடித்தார்: ஒருத்தரும் எடுக்கவில்லை, மட்டை கழுவுகிற பிள்ளைகள் போனும் அந்த டப்பாவில்தான், அவர் வண்டியை எடுத்துவிட்டார், ஆனால் அங்கிருந்து வர எப்படியும் நேரமாகும், நீங்க எங்கிருக்கீங்க தம்பி. குரல் அழுகிற மாதிரி இருந்தது. கண்டக்டர் வந்து பக்கத்தில் நின்றார். "எங்கீங்க எறங்கோணும்?" சொன்னான். அங்கே ஸ்டாப்பே கிடையாது. கண்டக்டர் முன்னால் போய், டிரைவரின் காதில், "அண்ணா, கொஞ்சம் மிதிங்க, ஒரு கை விஷயம்" என்றார். அன்னூர் ஸ்டாண்டில் நின்றதும் நிற்காததுமாக பஸ் கிளம்பியது. இந்தமுறை அவர் படியைப் பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதினார்.

ஷெட்டுக்குப் போகிற மண்தடத்தின் முனையில் அவனை இறக்கிவிட்டார்கள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான், ஏன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் என்று பாதிவழியில்தான் தோன்றி வேலியோரம் போட்டான். பருத்திச்செடி, ஆட்டுப்பட்டி, மட்டை ஊறுகிற தொட்டி. தொட்டியில் ஆளில்லை, டீ குடிக்கப் போயிருப்பார்கள். மோட்டார் சத்தம் கேட்டது. மோட்டார் ஓடினால் நல்லதா கெட்டதா? ஏதாவது ஆகியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தவில்லை, அப்படியென்றால் ஒன்றும் ஆகவில்லை. இல்லை, நிறுத்த ஆளே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். அதற்குமேல் நினைக்க மூச்சு இல்லை. வாசலுக்கு வந்தான். வெந்த மட்டை வாசம் முகத்தில் அடித்தது. மயிலாத்தாக்கா இவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினுக்குள் குனிந்திருந்தாள். வலதுகை முழங்கைவரை உள்ளே. எண்ணைக் காட்டுகிற சின்னக் கண்ணாடியில் சிவப்பாகப் பூஜ்யம்.

அக்கா என்று கத்த வாய் திறந்துவிட்டது. கத்துவதுதானே முதலில் வரும், பிறந்ததிலிருந்து அப்படித்தானே. காற்றுகூடத் தொண்டைக்கு வந்துவிட்டது. வந்த இடத்தில் அவன் பார்த்தான். இடதுகால் தரையில். வலதுகாலின் குதிகால் மட்டும் தரையில், முன்பாதம் பெடலின்மேல், தொட்டும் தொடாமலும், அமுக்காமல். பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினால் திடுக்கிடுவாள். திடுக்கிட்டால் கால் இறங்கும். ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தாலும் கால் இறங்கும். சிவப்புப் பொத்தான் அவள் தோளுக்கு அந்தப் பக்கம், அவளை உரசாமல் எட்டாது. மெயின் சுவிட்ச் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், இவன் இடதுகைக்கு நாலெட்டில். அதை இழுத்தால் மேல் அச்சு விழுந்துவிட்டால்? விழாது. அன்றைக்குக் கரண்ட் போனபோது நின்ற இடத்தில் நின்றது. நிச்சயமா? நிச்சயம், என் கண்ணால் பார்த்தேன், அவள் சிரித்தாள். நவநீதன் வாயை மூடினான். மூடின வாயை இடதுகையால் பொத்திக்கொண்டான், அந்த வாயின்மேல் அவனுக்கு நம்பிக்கையில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சுவர் ஓரமாகப் போனான். இவ்வளவு மெதுவாக அவன் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. சுவிட்சின் பிடி எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. அவள் காலை ஒருமுறை பார்த்தான். மேல் அச்சை ஒருமுறை பார்த்தான். இழுத்தான்.

மோட்டார் முனகி நின்றது. விளக்கு போனது, சிவப்புப் பூஜ்யம் அணைந்தது. அச்சு நின்ற இடத்திலேயே நின்றது. "போச்சா கரண்டு, நல்ல நேரம் பாத்துத்தான் போகுது" என்று மயிலாத்தாக்கா திரும்பாமலே அலுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் எட்டி விளிம்பைப் பிடிப்பதற்காகக் காலை நன்றாக ஊன்றினாள். பெடல் டக்கென்று இறங்கியது. அந்த டக் நவநீதனின் பல்லுக்குள் கேட்டது. வேறொன்றும் நடக்கவில்லை. அவள் தட்டை உரித்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவள் இவனைப் பார்த்தாள். "அட, தம்பிங்களா! ஏனுங், செருப்பைக்கூட விட்டுட்டு, மூஞ்செல்லாம் இப்புடி வேர்த்து... பழைய மட்டைங்களா, இப்பத்தான் ஊறி வந்துச்சு, ரெண்டாவது தட்டே ஒட்டிக்கிச்சு, ஆனா பாருங்க, கிழியாம வந்துருச்சு" என்று தட்டை அவன் பக்கம் நீட்டினாள். நீட்டின கையில் அஞ்சு விரலும் இருந்தன. அவன் தட்டை வாங்கவில்லை, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தபிறகுதான் அழுகை வந்தது, வெட்கமில்லாமல் வந்தது. "என்னுங் தம்பி, ஊட்ல ஏதாச்சும்..." என்று அவள் பயந்துபோனாள். "அக்கா, இப்ப காலை ஊணினீங்களே, கரண்ட் இருந்திருந்தா அச்சு எறங்கியிருக்கும். பூஜ்யத்துலயும் எறங்கும். முந்தாநாள் நான்தான் மாத்தி வெச்சேன். வேகமா எறங்கோணும்னு பாக்காம மாத்தீட்டேன்." மயிலாத்தாக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். அது இன்னும் பெடலின்மேல்தான் இருந்தது. மெதுவாக அதை எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு அவன் பிடித்திருந்த கையை இழுத்து, புரட்டி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். பார்த்து முடித்தபிறகுதான் திட்ட ஆரம்பித்தாள். பொங்கியண்ணன் வண்டி வந்து நிற்கிறவரை திட்டினாள். நவநீதன் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றான்.